அம்புக்குறிக்காரி

என் மனைவி ஓய்வு பெற்ற அன்று சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த பெண்களோ குறும்பாக ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஸ்டிக்கர் சுருள்களைக் கொடுத்து அனுப்பினார்கள். எல்லாம் கட்டைவிரல் அகலத்தில் சிவப்பு அம்புக்குறிகள். தைத்து வந்த சட்டையில் நூல் பிரிந்திருந்தாலோ பொத்தான் கோணியிருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் பார்த்தது அந்த வேலை. விளையாட்டாகக் கொடுத்த பெட்டி எங்கள் குடியிருப்பையே ஆட்டிவைக்கும் என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் குடியிருப்பில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. நடையில் செருப்பு, செடி, சைக்கிள் எதுவும் இருக்கக் கூடாது. கதவுகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். அவற்றில் எதையும் ஒட்டவோ மாட்டவோ கூடாது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த விதிகளை இவள் ஒருத்திதான் வரி விடாமல் படித்தாள். படித்ததோடு விட்டிருந்தால் எனக்குக் காலை காப்பியாவது நேரத்துக்குக் கிடைத்திருக்கும். பழைய கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு, பாக்கெட்டில் ஒரு சுருளைப் போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுவாள். கோடு தாண்டி நிற்கும் காரில் ஒரு அம்புக்குறி. நடையில் கிடக்கும் செருப்பில் ஒன்று. உடனே ஒரு போட்டோ, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார். துப்புரவு ஆட்களும் பழகிவிட்டார்கள். சிவப்பு அம்புக்குறி இருந்தால் ஏன் என்று கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவளுக்கு அம்புக்குறிக்காரி என்று பெயரே வந்துவிட்டது. லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள், "என்ன சார், இன்னிக்கு உங்க மேல ஒட்டலையா?" என்பார்கள். "முதுகுல பாருங்க, இருக்கும்" என்பேன்.

ஆனால் அவளுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. நான் பால்கனியில் காயப்போட்ட பனியனுக்கே அம்புக்குறி ஒட்டி, குழுவில் போட்டு, என் மானத்தை வாங்கியவள். தப்பு கண்ணில் பட்டால் அவள் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

எங்கள் மாடியின் கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி குடி வந்தார்கள். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் கணவர் டீச்சர் வீட்டுக்காரர் ஆனார். சாயங்காலம் டீச்சர் தனியாகக் கீழே இறங்கி, தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு, செடிகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு மேலே வருவார். நல்ல கலகலப்பு.

வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பழைய மஞ்சள் குடை தொங்கியது. இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மழை கொட்டுறப்பகூட அதை எடுக்க மாட்டேங்கறாங்க. அப்புறம் எதுக்குங்க குடை?"

"உனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?"

நேரில் போய் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். டீச்சர் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, எடுத்துடறேன்" என்பார். எடுக்க மாட்டார். கடைசியில் ஒரு நாள் குடையில் அம்புக்குறி ஏறியது. அன்று சாயங்காலம் துப்புரவு ஆட்கள் அதைக் கழற்றிக் குப்பை வண்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு படபடவென்று தட்டப்பட்டது. டீச்சர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். என் மனைவி அதைக் கவனிக்கவில்லை என்பதிலிருந்தே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

"டீச்சர் இங்க வந்தாளா தங்கச்சி? கீழ இருந்து கிளம்பிட்டாளாம், வாட்ச்மேன் சொல்றாரு. இன்னும் வீடு வந்து சேரலை. குடையையும் காணோம்."

"குடைக்கும் அதுக்கும் என்னண்ணே?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு மறதிம்மா. நம்பர் நிக்காது. கதவெல்லாம் ஒண்ணு போல இருக்கு. குடையைப் பார்த்துத்தான் மாடியையும் வீட்டையும் கண்டுபிடிப்பா. ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போன குடை அது."

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்லுவேன்? அவளுக்கே தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கேன். எல்லாருக்கும் தெரிஞ்சு, பாவம் பாவம்னு பார்த்தா அவ தாங்குவாளா?"

இவள் முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். "குடை இல்லேன்னா மாடி மாறிடுச்சுன்னு நினைப்பாங்க. மேலதான் போயிருப்பாங்க." மூட்டுவலி என்று மருந்துக்கடைக்குக்கூட என்னை அனுப்புகிறவள், அன்று ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு நடையையும் கடைசிவரை பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மொட்டை மாடிக்குப் போகும் படியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்க வீட்டை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார்.

"நான்தான் டீச்சர் எடுத்தேன்" என்று இவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளே கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மஞ்சள் குடை வாங்கி வந்தாள். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. யாரோடது?" என்று கேட்டார். டீச்சர் வீட்டுக்காரர் கதவின் உள்பக்கம் ஒரு பூட்டு மாட்டினார். "இனிமே வெளிய வேண்டாம் தங்கச்சி. இன்னொரு தடவை தேடத் தெம்பில்லை." சாயங்காலமானால் உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். இவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கோட்டை மாட்டினாள். லிஃப்டுக்குள் எங்கள் மாடிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. வெளியே வந்ததும் சுவரில், டீச்சர் கண் உயரத்தில், வரிசையாக அம்புக்குறிகள். எங்கள் வாசலைத் தாண்டி, கடைசி வீட்டுக் கதவுவரை. கதவில் மட்டும் வட்டமாக ஒரு கை நிறைய அம்புக்குறிகள், எல்லாம் கதவுப் பிடியைப் பார்த்து.

"அம்புக்குறியைப் பார்த்தா அது காட்டுற பக்கம் போகணும். இதுக்கு ஞாபகம் வேண்டாம்லங்க?" என்றாள்.

பிறகு அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள்: 'பொதுச் சுவரில் விதிமீறல். ஒட்டியது நான். எடுக்க மாட்டேன்.' அதைப் பார்த்ததும் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னக்கா இது? நீங்களே இப்படிப் பண்ணினா நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க. அபராதம் போடுங்க. ஆனா டீச்சர் ஒரு தடவை கீழ போயிட்டு வரட்டும், பார்த்துட்டுப் பேசுங்க."

டீச்சர் வீட்டுக்காரர் பூட்டுச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். இவள் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் டீச்சரைக் கீழே விட்டிருந்தார். நாலு பேரும் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது திறந்தது. டீச்சர் வெளியே வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சுவரில் விரலை வைத்து, ஒவ்வொரு அம்புக்குறியாகத் தொட்டுக்கொண்டே நடந்து வந்தார். ஒவ்வொன்றுக்கும், "சரி, சரி" என்றார், விடைத்தாள் திருத்துகிற மாதிரி.

எங்கள் வாசலுக்கு எதிரே வந்ததும் நின்றார். ஒரு அம்புக்குறியை நகத்தால் மெல்லப் பிய்த்து எடுத்து, என் மனைவியின் கோட்டில், நெஞ்சுக்கு நேராக ஒட்டி அழுத்தினார்.

"எனக்கு எல்லாம் மறந்துட்டே வருதும்மா. அவர்கிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டார். உன்னை மறக்கக் கூடாதுன்னுதான் இது."

ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் நடை முழுக்கக் கேட்டது. டீச்சர் வீட்டுக்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று முனகிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

அவருடைய மீட்டிங் எப்போது என்று தெரியவில்லை. அம்புக்குறிகள் சுவரில் இருக்கின்றன. என் சட்டைக் காலரில் லேசாக அழுக்குத் தெரிந்தால் இழுத்துக் கழற்றுகிறவள், அந்தக் கோட்டை மட்டும் இன்னும் துவைக்கப் போடவில்லை.