ரொதாந்தியோட ஆறு மாசம்

ரொதாந்தி மூணு பிள்ளையைச் சுமந்தா, ஒண்ணையும் உசிரோட பெத்தெடுக்கல. மூணாவது ஏழு மாசம் வரைக்கும் இருந்துச்சு. நல்லா உதைச்சுக்கிட்டிருந்தது, ஒரு செவ்வாக்கிழமை உதைக்கறதை விட்டுடுச்சு. கிரீட் தீவுல அவங்க மலையூர்ல வாய் இருக்கறவ எல்லாம் ஒரு காரணம் சொன்னா. கண்ணு பட்டுச்சுன்னா ஒருத்தி, இடுப்பு சின்னதுன்னா இன்னொருத்தி. மாமியார் எவாந்தியா சுத்தி வளைக்கல, மூஞ்சிக்கு நேராவே கேட்டா.

"என் பையன் விதைக்கறான். உன் மண்ணுல ஏண்டி ஒண்ணும் தங்க மாட்டேங்குது?"

ரொதாந்தி உள்ள போய்ப் பெட்டியில இருக்கற குட்டிக் கம்பளிச் சட்டையை எடுத்து மோந்து பாப்பா. யாரும் போடாத சட்டையில என்ன வாசம் இருக்கும்? சோப்பு வாசம்தான். அதைத்தான் மோந்துக்கிட்டு நிப்பா.

முப்பத்தாறு வயசுல, ஆலிவ் பறிச்சுக்கிட்டிருக்கறப்ப வலது கை தொங்கிப்போச்சு. பக்கவாதம். நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க.

"உன் ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் இருக்கு. கிருமியை அடிக்கத்தான் உடம்பு அதைச் செய்யும். உனக்கு ஆள் தெரியாம உன்னையே அடிக்குது. ரத்தம் கண்ட இடத்துல கட்டிக்குது. மூளைக்குப் போற குழாயில கட்டினா கை விழும். நச்சுக்கொடியில கட்டினா பிள்ளை போகும்."

"அப்ப அந்த மூணும்?"

"அனேகமா இதாலதான். உன் தப்பு எதுவும் இல்ல."

பத்து வருஷம் தப்பைச் சுமந்தவ அவ. இறக்கி வைன்னா எங்கே வைப்பா? பஸ்ஸுல மலை ஏறுற வரைக்கும் அழுதா.

ரத்தம் கட்டாம இருக்க தினம் மாத்திரை. மாசத்துக்கொரு தடவை ரத்தம் எவ்வளவு இளகியிருக்குன்னு பாத்து ஒரு எண்ணு சொல்லுவாங்க. கையும் முக்கால்வாசி திரும்பிடுச்சு. முப்பத்தெட்டு வயசுல டாக்டரம்மாகிட்ட நேரா கேட்டா: "நான் பெத்துக்க முடியுமா, முடியாதா?"

"ஆபத்துதான். ஆனா மாத்திரையை நிறுத்திட்டு ரத்தம் கட்டாம ஊசி போட்டுக்கிட்டுப் பெத்தவங்க இருக்காங்க. ஆறு மாசம் உன் எண்ணு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஆடாம நிக்கட்டும். நின்னா ஆரம்பிக்கலாம்."

நாலு மாசம் நின்னுச்சு. அஞ்சாவது மாசம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு வந்துச்சு. ரொதாந்தி மாதாகிட்ட நேந்துக்கிட்டா: இறைச்சி இல்ல, பால் இல்ல, முட்டை இல்ல, எண்ணெய் ஒரு சொட்டு இல்ல. காட்டுக்கீரை, எலுமிச்சை, ரொட்டி. அவ்வளவுதான். பிள்ளை பொறந்தா வெள்ளித் தகட்டுல பிள்ளை உருவம் செஞ்சு மாதா படத்துல தொங்கவிடறதா வாக்கு.

புருஷன் மனூசோஸ் கேட்டான். "டாக்டரைக் கேட்டியா?"

"மாதாவுக்கு நோன்பு இருக்கறதுக்கு டாக்டர் எதுக்கு?"

கீரையை எப்பவும் சாப்பிடற அளவுதான் சாப்பிடணும்னு டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாங்க. நோன்புன்னு வந்தா அது வேற, சாமி காரியம்னு நினைச்சா இவ. ரெண்டு வேளையும் ஒரு சட்டி கீரை.

நோன்போட இருபத்தாறாம் நாள் வீட்டு முத்தத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. கத்தி நழுவிச்சு. எடுக்கக் குனிஞ்சா கை வரல. ஏதோ சொன்னா, சொல்லு குழைஞ்சு வந்துச்சு.

"வாயில என்னடி, ரொட்டியை அடைச்சிருக்கியா?"ன்னா எவாந்தியா. நிமிந்து மருமக மூஞ்சியைப் பாத்தா. ஒரு பக்கம் இறங்கிக் கிடந்துச்சு. செருப்பு கூடப் போடாம மகனைக் கூப்பிட ஓடினா.

ஆஸ்பத்திரியில பாத்தப்ப எண்ணு ஒண்ணே காலுக்கு இறங்கியிருந்துச்சு. பேச்சு மறுநாளே வந்துடுச்சு.

"என்ன சாப்பிட்டே?"ன்னாங்க டாக்டரம்மா.

"கீரை."

"வேற?"

"கீரைதான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. "நீ திங்கற கீரை மாத்திரையை வேலை செய்ய விடாது, ரொதாந்தி. நோயாளிக்கு நோன்பு இல்லைன்னு உங்க சாமியாரே சொல்லுவாரே. கேட்டிருக்கக் கூடாதா?"

"என் ஆறு மாசம்?"

"முதல்லேருந்து. இந்தத் தடவை ஒரு வருஷம். அதுக்கப்புறமும் சரின்னு சொல்லுவேனான்னு தெரியல."

ஒரு வருஷம் போனா அவளுக்கு நாப்பது.

பெரிய வெள்ளியன்னைக்கு ஊரே கோயில்ல இருந்துச்சு. தெருவுல பிள்ளைங்க மெழுகுவத்தி வாங்க ஓடற சத்தம். ரொதாந்தி சன்னலை மூடல, கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா. எவாந்தியா அடுப்படியிலேருந்து தட்டோட வந்தா. ரெண்டு அவிச்ச முட்டை, ஆட்டுப்பால்ல செஞ்ச பாலாடைக்கட்டி.

"இன்னைக்கா அத்தை? இன்னைக்குக் கிழவிங்க தண்ணிகூட குடிக்க மாட்டாங்க."

"பாவம் வந்தா என் தலையில விழட்டும். எழுபத்தஞ்சு வயசுல எனக்கு ஒண்ணு கூடினா என்ன? தின்னுடி."

ரொதாந்திக்குக் கை இன்னும் சரியா வரல. கிழவியே முட்டையை உரிச்சுக் குடுத்தா. ரொதாந்தி கண்ணைத் துடைக்காமலே தின்னா. ஓடற பிள்ளைங்கள்ல ஒண்ணு சன்னலுக்குக் கீழ நின்னு, செருப்பை மாட்டிக்கிட்டு மறுபடி ஓடிச்சு.

"இன்னொண்ணு குடு, அத்தை"ன்னா.