ஊறின நெல்லும் என் மகளின் முதுகும்

பிள்ளையார் அடியார்களே, என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளின் முதுகை முறிக்கப் பார்த்தவன் நான்தான்.

ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளைப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தோம். மகள் பூமணிக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிவாள். தை மாதப் போட்டியில் அவள் முதலாவதாக வரவேண்டுமென்று எனக்கு ஒரே பைத்தியம். பலம் வரட்டும் என்று தினமும் காலையில் அரைச் சாக்கு நெல்லைத் தூக்க வைத்தேன். "அது பிள்ளையோ மாடோ உங்களுக்கு?" என்று மனைவி ஏசுவாள். நான் கேட்டால்தானே!

ஐப்பசியில் ஒரு நாள் அந்தச் சாக்கு நெல்லை அரிசி குத்தக் கொண்டுபோய்விட்டார்கள். விதைப்புக்காக வாய்க்காலில் ஊறவைத்து எடுத்த சாக்கு முற்றத்தில் கிடந்தது. "இதுவும் அரைச் சாக்குத்தான், தூக்கு பிள்ளை" என்றேன். ஊறின நெல்லின் பாரம் வயல் செய்கிற கமக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

தூக்கினவள் "ஐயோ, ஐயா!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கால் இரண்டும் விறைத்துப் போயின.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். "முதுகெலும்பு முறியேல்லை. வீட்டை கொண்டுபோய்ப் பலகையில அசையாமல் கிடத்துங்கோ. நடப்பாளோ எண்டு இப்ப சொல்லேலாது" என்றார் அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி.

நேரே குளக்கட்டுப் பிள்ளையாரிடம் போனேன். அதுவரை அவரிடம் கேட்டதெல்லாம் முதலிடம். அன்று, "பிள்ளையாரப்பா, பிழை என்ரை. அவளை நடக்க வை, அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று குழறி அழுதேன். தோப்புக்கரணம் போட்டேன், எண்ணவில்லை.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் காலை கும்பிட்டுவிட்டு வந்தால், மனைவி வீட்டு வாசல் படலையடியில் நின்று அழுகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. "இஞ்சருங்கோ, கால் விரலை அசைக்கிறாள்!" என்றாள். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

எழுந்து நடமாட இரண்டு மாதம். "வளருற பிள்ளைக்கு முதல்ல தன்ரை உடம்புப் பாரமே காணும், பிறகு பாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுங்கோ" என்றார் அப்போதிக்கரி. இன்றைக்கு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையையும் சாக்குத் தூக்க நான் விடுவதில்லை.

உங்களுக்கும் இடி விழுந்தால் அவரிடம் போங்கள். பிழையை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். கைவிடமாட்டார்.

அந்தத் தையில் பூமணி போட்டிக்குப் போகவில்லை; அதற்கடுத்த வருஷத் தைப் போட்டியில் மூன்றாவதாகத்தான் வந்தாள். "கோவமோ ஐயா?" என்று கேட்டபடி மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தாள். நடந்து வந்தாள், அடியார்களே!