நான் வாங்கி வந்த இரைச்சல்

என் நாத்தனார் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். மீதிப் பொழுதெல்லாம் மாடியறையில் இருக்கும், கேட்கவும் பேசவும் முடிகிற ஹாம் ரேடியோதான். முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசுவாள். பக்கத்து வீட்டாரோடு பத்து வார்த்தை பேசியிருப்பாளா, சந்தேகம்.

அந்த ரேடியோவுக்கு மின்சாரம் தர ஒரு பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி இருந்தது. அம்மிக்கல் கனம். பெருக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறதே என்று, போன மாதம் நானே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, உள்ளங்கை அகலத்தில் மலிவாக ஒரு பவர் சப்ளை வாங்கி வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளும் அதையே ரேடியோவில் மாட்டிக்கொண்டாள்.

பிறகுதான் ரேடியோவில் ஓயாத கர்ர்ர். எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறைதான் காரணம் என்று இருவருமே முடிவு கட்டிவிட்டோம்.

என் கணவர், அவளுடைய அண்ணன், ஒரு குழுவோடு நில அளவைக்கு மலைக்குப் போயிருந்தார். மழையில் சாலை சரிந்து, போனும் செத்துவிட்டது. அவரிடமிருந்த சின்ன ரேடியோவில் தினம் நாலு மணிக்குக் கூப்பிடுவதாகப் பேச்சு. இரண்டு நாளாக இரைச்சல்தான் வந்தது, அவர் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் செய்தி: ஐந்து மணிக்கு அணையைத் திறக்கிறார்கள். அவர்கள் இறங்கி வரவேண்டிய பாலம் அணைக்குக் கீழே.

நாலு மணிக்குப் பட்டறைக்கு ஓடினேன். "அம்மா, மெஷினையெல்லாம் நிறுத்தி அரை மணி ஆச்சும்மா!" என்றார் வெல்டிங்காரர். திரும்பி வந்தால், இரைச்சல் அப்படியே.

நாத்தனார் முகம் வெளுத்தது. ரேடியோவைப் பழைய கார் பேட்டரிக்கு மாற்றினாள்.

"அண்ணி, அந்தப் பவர் சப்ளைய நிறுத்துங்க."

நிறுத்தினேன். இரைச்சல் நின்றது. அதற்குள்ளிருந்து என் கணவரின் குரல்: "...நாலரைக்குப் பாலத்துல ஏறுறோம். ஒவ்வொருத்தராத்தான் கடக்கணும், ஒரு மணி நேரமாகும். கேக்குதா?"

பேட்டரி கேட்கத் தாங்கும், பேசத் தாங்காது. அவள் வயரை மறுபடி பவர் சப்ளைக்கு மாற்றினாள். "போடுங்க!" போட்டேன். "அண்ணா, ஏறாதே! அஞ்சு மணிக்கு அணை தொறக்குறாங்க! ஏறாதே!" வயர் மறுபடி பேட்டரிக்கு. "நிறுத்துங்க!"

நிறுத்தினேன்.

ஒன்றுமில்லை. சுத்தமான அமைதி. அந்தப் பாழாய்ப்போன இரைச்சலாவது இருந்தால், அதற்குள் எங்கோ பேசுகிறார் என்று நினைத்துக்கொள்ளலாமே. மறுபடி போட்டோம், கத்தினாள், நிறுத்தினோம். நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் குரல் வந்தது.

"ஏறலை. நீ கத்தினதும் ரேடியோவைப் போட்டுட்டுப் பாலத்துக்கு ஓடினோம். முதல் ஆள் பலகைல கால் வச்சுட்டான், இழுத்துட்டோம். அவனை மேல சேர்த்துட்டு இப்பத்தான் ரேடியோகிட்ட வர்றேன்."

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

"ரெண்டு நாளா தொண்டை கிழியக் கத்துறேன். ஏன் பதிலே இல்லை?"

அவள் வயரை மாற்றி என்னைப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டேன்.

"என் தப்புண்ணா" என்றாள். "சரியாப் பாக்காம ஒண்ணை வாங்கிட்டேன்."