முழந்தாளிட ஒரு வள்ளம்

விபத்துக்குப் பிறகு ஒரு வருடம் படுக்கையில் கிடந்த என் மாமா, எழுந்து நடக்கத் தொடங்கியதும் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் ஒரு படகு. அம்மா அதை மாத்திரை மயக்கத்தில் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

மாமா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கயாக் என்கிற, மேலே மூடிபோட்ட ஒடுக்கமான துடுப்புப் படகில் கடலுக்குப் போவார். லாரி இடித்து முதுகெலும்பில் அடிபட்டபின், காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி இழுத்தது. கயாக்கில் வேறு எப்படியும் உட்கார முடியாது. ஆனால் மாதா கோயிலில் பூசையின்போது முழந்தாளிட்டால் வலி எட்டிப்பார்க்கவே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று மாமா முகத்தில் தெரிந்த பரவசத்தைப் பக்தி என்று நினைத்து, பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

திட்டம் இதுதான். பழைய கயாக் ஒன்றை வாங்கி, மேல்மூடியை அறுத்து எடுத்துவிட்டு, முழந்தாளிட்டு ஒற்றைத் துடுப்புப் போடுகிற வள்ளமாக மாற்ற வேண்டும். மலையாற்று வெள்ளத்தில் விடுகிற கயாக்தான் வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். பாறையில் மோதுவதற்கென்றே செய்தது, கடல்தண்ணி ஏறுகிற நம் ஓடையில் இருக்கிற சிப்பிக்கும் கல்லுக்கும் அதுதான் தாங்கும் என்றார். மலைப்பக்கம் மூடிப்போன ஏதோ ஒரு படகுப் பயிற்சி முகாமின் கயாக்குகள், உப்பளத்துச் சாலையில் இருந்த பழைய சாமான் கடைக்கு வந்திருந்தன. மாமா, அத்தை, நான் மூவரும் ஆட்டோவில் போனோம்.

அங்கே மூன்று கிடந்தன. பச்சை நிறத்தது ஒடுக்கமாக இருந்தது. முழந்தாளிட்டால் உடம்பு உயரும், இது கவிழ்த்துவிடும் என்று மாமா அதைத் தொடாமலே ஒதுக்கினார். சிவப்பு, இரண்டு முனையும் மேலே வளைந்து புத்தம்புதிதுபோல மின்னியது. எனக்கு அதுதான் பிடித்தது, மாமாவுக்கும் அதுதான். ஒரு பக்கமாகத் துடுப்புப் போட்டால் பம்பரம்போலச் சுற்றும் என்று அவரே சொல்லிவிட்டு, போகப்போகப் பழகிவிடும் என்றும் அவரே சொன்னார். மூன்றாவது, வெயிலில் வெளுத்துப்போன ஆரஞ்சு. நீளமாக, வயிறு பருத்து, மேல்மூடி முழுக்க விரிசலோடு கிடந்தது.

அப்போதுதான் அத்தை முன்னால் வந்தாள். அந்த வருடம் முழுக்க மாமாவைத் தூக்கி உட்கார வைத்தவள், குளிப்பாட்டியவள், அவர் முனகுமுன் விழித்துக்கொண்டவள் அவள். சிவப்பைக் காட்டி, "இதுல முட்டங்கால் போடுங்க" என்றாள். மாமா கஷ்டப்பட்டு உள்ளே இறங்கினார். "இப்ப நீங்களா எந்திச்சு வாங்க."

மாமாவால் முடியவில்லை. குதிகால்கள் மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்டன. அத்தை ஒரு கையும் நான் ஒரு கையுமாக இழுத்தோம். அறுத்த பிறகு இடம் கிடைக்கும் என்று மாமா வாதாடிப் பார்த்தார். அடித்தளமே ஒடுங்கி இருக்கே என்று அத்தை விரலால் அளந்து காட்டினாள்.

ஆரஞ்சில் அவர் இறங்கினார், முழந்தாளிட்டார், விளிம்பைப் பிடித்துத் தானாகவே எழுந்தார். எழுந்து நின்றவர் எங்களைப் பார்த்த பார்வையில், கடைக்காரரும் மரியாதையாக நிமிர்ந்துவிட்டார்.

"மேல பூரா வெடிச்சுல்லா கிடக்கு. இதக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீய?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வெடிச்சது மேலதானே, அண்ணாச்சி. அதை நான் எப்படியும் அறுத்துத்தான் போடப்போறேன்."

மாமாவே ரம்பம் வைத்து அறுத்தார். குறுக்கே இரண்டு மரச்சட்டம் வைத்து இறுக்கினார். முழங்காலுக்கு மெத்தை ஒட்டினார். தண்ணீர் புகுந்தாலும் மூழ்காதபடி இரு முனையிலும் தெர்மாகோல் திணித்தார். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

தண்ணீரில் இறக்கிய காலையில், உப்பளத்துக்குப் பின்னால் ஓடை நிறைந்திருந்தது. நான் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். முன்பக்கம் எனக்குத் தாராளமாக இடமிருந்தது.

"இது ஒருத்தர் போற வள்ளம்ளா" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்தது. அவர் தனியாகப் போனார். வள்ளம் ஒரு வட்டமடித்தது, இன்னொரு வட்டமடித்தது. ஒவ்வொரு தடவையும் மாமா கரையில் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அது அசடு வழிகிற சிரிப்பு. அப்போது அத்தை சட்டென்று ஓடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உப்புக் குவியல்களைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"கோவமா அத்த?"

"கோவமெல்லாம் இல்ல. நாம பார்த்துக்கிட்டே நின்னா அவரு நம்மளத்தான் பாப்பாரு. நீயும் திரும்பி நில்லு."

திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் துடுப்புச் சத்தம் தடுமாறியது, பிறகு சீரானது, பிறகு தூரமாகி அலையாத்தி மரங்களுக்கு அந்தப்பக்கம் கேட்காமலே போனது. அத்தையின் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது, வலித்தது. ஆனாலும் அவள் திரும்பவில்லை.

மாமா திரும்பி வந்து தானாகவே கரையேறினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. எங்கே போனீர்கள் என்று அத்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராக அடுக்களைக்குப் போய், மாமாவுக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை, ரெண்டு பேரும் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.