செருப்பு போட்டு அரைத்த கிரைண்டர்

அதிகம் படிக்காத நான் பத்திரிகைக்கு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு கிரைண்டரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். சர்வீஸ் வீண் செலவு என்று, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே மாவு அரைப்பேன்.

மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போக நாத்தனார் வந்திருந்தார். எனக்கு உதவியாக, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடப் போனார்.

"செருப்பு போட்டுக்குங்க அண்ணி, ஷாக் அடிக்கும்."

"சமையல்கட்டுக்கே செருப்பு வந்துடுச்சா? நான் விரதம்டி!" என்று சிரித்தபடி ஈரக் கையை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. அவரால் கத்தவும் முடியவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைத்ததும் கீழே விழுந்தார். மூச்சு இருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இப்போதெல்லாம் எதிலாவது லேசாக ஷாக் தெரிந்தாலே பிளக்கைப் பிடுங்கி, ரிப்பேருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த விபத்துக்கு மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, கிரைண்டரில் அறுந்திருந்த எர்த் ஒயரைச் சில நிமிடங்களிலேயே மாற்றிவிட்டார். அண்ணியால் அன்றும் வலது கையை மடக்க முடியவில்லை.