பாதி மாத்திரை

லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகு போனபோது, லிஃப்ட் மெக்கானிக்குக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. சீட்டு எழுதித் தருவதை மருத்துவமனை நிறுத்தியதும் முட்டுச்சந்தில் விற்கிறவன் தாராளமாகத் தந்தான். வேலை போனது. கடைசியில் மனைவிதான் ஒற்றைக் காலில் நின்று அவரைப் போதை சிகிச்சைக்கு இழுத்துப்போனாள். அங்கே டாக்டரம்மா வேறொரு மருந்தைக் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஏக்கம் அடங்கிய இடத்தில் நிறுத்தினார். மனிதர் மறுபடியும் ஸ்பேனரைப் பிடித்தார்.

குடும்பத்துக்கு அது பொறுக்குமா? மனைவியின் அண்ணன் ஒருவர் இருந்தார். எப்போதோ மருந்துக்கடையில் இரண்டு மாதம் பில் போட்டவர். அன்றிலிருந்து சொந்தபந்தம் முழுவதற்கும் அவர்தான் மருத்துவர்.

"அதுவும் இதுவும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான், மாப்பிள்ளை. என் பொண்ணு நிச்சயதார்த்தம் வருது. சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்ல? பாதியா குறைச்சுடுங்க."

அப்போது மாப்பிள்ளையின் நாக்குக்கு அடியில் அன்றைய மாத்திரை இருந்தது; அது கரையும்வரை பேசக்கூடாது. மாப்பிள்ளை கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். வாய் திறக்க முடிந்தபோது மச்சான் மௌனத்தைச் சம்மதமாக்கி, காய் நறுக்கும் கத்தியால் மிச்ச மாத்திரைகளைப் பிளந்து முடித்திருந்தார். மெக்கானிக்குக்கும் உள்ளூர ஒரு வெட்கம் இருந்தது. குறைத்துத்தான் பார்ப்போமே என்று மனைவியிடம் சொல்லாமல் இருந்துவிட்டார்.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை. புல்லரிப்பு அடங்கவில்லை, படுத்தால் கால்கள் ஓயவில்லை.

"விஷம் வெளியேறுது, நல்ல அறிகுறி," என்றார் மச்சான், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி.

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று நட்டை முறுக்கும்போது ஸ்பேனர் கை நழுவிக் குழிக்குள் விழுந்தது. அன்று வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே முட்டுச்சந்துக்குப் போயின.

"என்னண்ணே, ஆளையே காணோம்? உடம்பு இளைச்சுட்டீங்களே!" என்றான் விற்கிறவன். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அவ்வளவு பாசமாக விசாரித்ததில்லை. மெக்கானிக்குக்கு அழுகை வந்தது. எதுவும் வாங்காமல் அங்கிருந்தே மனைவிக்கு போன் போட்டார்.

"முட்டுச்சந்துல நிக்கிறேன். சீக்கிரம் வா."

தையல் கம்பெனியிலிருந்து அவள் சட்டையில் நூல் ஒட்டியபடியே ஓடிவந்து, நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். விஷயம் தெரிந்து மச்சானும் வந்து சேர்ந்தார்.

"யாரு பாதியாக்கினது?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான். ஒரு அனுபவத்துல..."

"என்ன அனுபவம்?"

"மருந்துக்கடையில பில் போட்டிருக்கேன்."

"அப்போ பில் மட்டும் போடுங்க. டோஸ் நான் போடுறேன்."

மெக்கானிக்கிடம் குரலைத் தாழ்த்தினார். "குறைக்கலாம். நீங்க தயாரானப்புறம், என்கிட்ட கேட்டு, மெதுவா. போதலைன்னாலும் சொல்லுங்க, ஏத்தலாம். சம்பந்திக்காக யாரும் மருந்து சாப்பிடுறதில்ல."

முழு அளவு திரும்பியது. உடம்பு அடங்கி, தூக்கம் பிடித்தது.

நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் மெக்கானிக்கின் முகக் களையைப் பார்த்து வியந்தார்கள். "எல்லாம் என் கண்டிப்புதான்," என்று மச்சான் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி பல்லைக் கடித்தாள். "கேட்டீங்களா, என்ன பேச்சு பேசுறாருன்னு?"

"விடு, பேசிட்டுப் போகட்டும்," என்றார் மெக்கானிக். "எனக்குப் பசிக்குது. பந்தியில இடம் இருக்கான்னு பாரு."