அவர் தொட்டுக் காட்டிய இடம்

தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. என் நிரையில் ரப்பர்ப் பால் குறைந்தால் வேலையை மேய்க்கிற மண்டோர்கூடப் பக்கத்து நிரைக்காரியிடம்தான் காரணம் கேட்பார். அப்படிப்பட்ட நான் ஆஸ்பத்திரியில் மட்டும் ஊமை. புருஷன் கூட வந்தால் அவர்தான் பேச வேண்டும். அது எங்கள் தோட்டத்து வழக்கம். அதிலும் மார்வலியை ஆம்பளை டாக்டரிடம் எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

எண்பதுகளின் நடுவில், மூன்றாவது பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, பால்வாளிகளைத் தூக்கி நடக்கையில் நெஞ்சில் சுருக்கென்று பிடித்தது. பிறகு விடவேயில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வீட்டுக்காரர் தன் இடது மார்பைத் தொட்டு, "இவளுக்கு இங்க வலிக்குதாம்" என்றார். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியிலும் அங்கேயே தொட்டார். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தம் என்று மூன்று முறை பார்த்தார்கள். எதிலும் குறையில்லை.

கண்டுபிடிக்க முடியாத நோய்தான் ஆளைக் கொண்டுபோகும் என்று லயத்து வீட்டுச் சனமே தீர்ப்புச் சொன்னது. நானும் நம்பித் தொலைத்தேன். கைப்பிள்ளை தாயில்லாமல் இருக்க இப்போதே பழகட்டும் என்று கலும்பாங்கிலிருந்து நாத்தனார் வந்து அவளைத் தூக்கிப் போனாள். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

நான்காம் முறை போனபோது ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள். வீட்டுக்காரர் தன் மார்பைத் தொட்டதும், அந்த நர்ஸ் அவரை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டாள்.

"உனக்கு எங்கம்மா வலிக்குது? ஒரு விரலால காட்டு."

நடு எலும்புக்கு வலப்பக்கம் தொட்டேன். அவள் அழுத்தினாள், உயிர் போகிற மாதிரி கத்தினேன். டாக்டர் வந்து பார்த்தார். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடம் வாளி தூக்கித் தூக்கிப் புண்பட்டிருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது, கொஞ்ச காலம் பாரம் தூக்காதே என்றார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "வலது பக்கம்னு ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க எங்க என்னைச் சொல்ல விட்டீங்க?"

மறுநாளே இருவரும் கலும்பாங் போனோம். மூன்று மாதத்தில் பிள்ளை என்னை மறந்திருந்தாள். அத்தையின் கழுத்தை விடவில்லை. பிரித்து வாங்கினேன். பேருந்தில் வீறிட்டுக்கொண்டே, வலிக்கிற இடத்திலேயே காலால் உதைத்தாள். டாக்டர் சொன்னதை நினைவூட்டி வீட்டுக்காரர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.